புத்தகம் எல்லை கடந்த கதை

தேர்வுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியர் பாடநூலின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டார். மாலைக்குள் நம்மில் சிலர் அதை நூலகத்தில் எடுத்துவிடுவோம். சிலர் கடையில் வாங்கிவிடுவோம். நம் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பார்வையற்ற தோழர் என்ன செய்வார்? அச்சிட்ட தாள் அவருக்கு வெறுந்தாள். அந்நூலைப் பிரெயில் எழுத்திலோ, ஒலி வடிவிலோ, கணினி படித்துக் காட்டக்கூடிய கோப்பாகவோ யாரேனும் மாற்றித் தந்தால்தான் அவருக்கு அது நூல். மாற்றி முடிப்பதற்குள் தேர்வே முடிந்துவிடுவதும் உண்டு.

இதில் வேதனை என்னவென்றால், அதே நூல் வேறொரு நாட்டில் முன்பே மாற்றப்பட்டு, அங்கே ஒரு நூலகத்தில் இருக்கக்கூடும். அதை அனுப்புவதற்குத் தபால் செலவு சிறிதே ஆகும். கணினி வழியே அனுப்பினால் அதுவும் இல்லை. ஆயினும் நெடுங்காலம் அதை எல்லை கடந்து அனுப்பச் சட்டம் இடந்தரவில்லை. அத்தடை 2013ஆம் ஆண்டில் மராக்கேஷ் நகரில் உருவான ஓர் உடன்படிக்கையால் உடைந்தது. உடைத்தவர்கள் பெரும் படையினர் அல்லர். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தொண்டர்கள். அவர்களுள் பலர் தாமே பார்வையற்றவர்கள். ஒரு நாட்டார் மொழி மற்றொரு நாட்டார்க்குத் தெரியாது. ஒரு நாட்டின் சட்டம் மற்றொரு நாட்டில் செல்லாது. அத்தகையோர் எவ்வாறு ஒன்றுபட்டு வேலை செய்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். சொந்த மாநிலத்தை விட்டு வந்து, இங்கே ஒரு சங்கம் வைத்து நடத்தும் நமக்கு, இதில் கற்க வேண்டியது நிறைய உண்டு.

தடை எங்கே இருந்தது?

முதலில் பதிப்புரிமை பற்றி ஒரு சொல். ஒரு நூலைப் படியெடுக்கவும், வேறு வடிவில் ஆக்கவும், பரப்பவும் அதன் ஆசிரியர்க்கு உள்ள தனி உரிமையே பதிப்புரிமை. எழுதுகிறவர் பிழைக்க வேண்டுமானால் அவ்வுரிமை வேண்டும். இதைத் தொண்டர்கள் யாரும் மறுக்கவில்லை. ஆனால் எந்த நாட்டுச் சட்டமும் அவ்வுரிமையை முழுமையானதாக வைக்கவில்லை. மேற்கோள் காட்டலாம், திறனாய்வு செய்யலாம், வகுப்பில் பாடம் சொல்லப் பயன்படுத்தலாம் என்பன போன்ற விதிவிலக்குகள் அங்கங்கே உண்டு.

பெர்ன் உடன்படிக்கை 1886ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆசிரியர்களுக்குக் குறைந்த அளவு இன்னின்ன உரிமைகளை எல்லா உறுப்பு நாடுகளும் தரவேண்டும் என்று அது வகுத்தது. படிப்பவர்க்குரிய விதிவிலக்குகளையோ பெரும்பாலும் அந்தந்த நாட்டின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. ஆகவே ஆசிரியரின் உரிமை கடல் கடந்து சென்றது. வாசகரின் உரிமை எல்லையிலேயே நின்றுவிட்டது.

பார்வையற்றோர் நிலை என்ன? உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்திற்காக ஜூடித் சல்லிவன் என்னும் அம்மையார் தயாரித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அந்நிறுவனத்தில் அப்போது 180க்கு மேற்பட்ட நாடுகள் உறுப்பினராக இருந்தன. அவற்றுள் பார்வையற்றோர்க்கென விதிவிலக்கு வைத்திருந்தவை 60க்கும் குறைவு. வைத்திருந்த நாடுகளிலும், மாற்றிய நூலை அயல்நாட்டிற்கு அனுப்பலாமா என்பது பெரும்பாலும் ஐயமாகவே இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1996இலும், பிரிட்டன் 2002இலும் தத்தம் சட்டத்தில் வழி செய்திருந்தன. அவ்வழி அவர்களுடைய வீட்டுக்குள் செல்லும் வழியே அன்றி, வீதிக்கு வரும் வழி அன்று.

இதன் விளைவைத் தொண்டர்கள் ஒரு கணக்கால் காட்டினார்கள். சிலி, கொலம்பியா, மெக்ஸிகோ, நிகராகுவா, உருகுவே ஆகிய 5 நாடுகளின் அமைப்புகளிடம் இருந்த மாற்று வடிவ நூல்கள் எல்லாம் சேர்ந்து 8,517. அதே ஸ்பானிய மொழியில் அர்ஜென்டினாவில் 63,000 நூல்களும், ஸ்பெயினில் 1,02,000 நூல்களும் இருந்தன. மொழி ஒன்று; எழுத்து ஒன்று; படிக்கும் ஆவலும் ஒன்று. இடையே நின்றது சட்டம் ஒன்றே. பக்கம் பக்கமாக வாதிட்டாலும் இந்த மூன்று எண்கள் சொல்வதைச் சொல்ல முடியாது. நியாயம் தம் பக்கம் இருப்பதாக நம்புகிறவர்கள் பலர் கணக்கெடுக்கச் சோம்புவர், இவர்கள் சோம்பவில்லை.

ஒரே வரைவு

பார்வையற்றோர்க்குப் பன்னாட்டு அளவில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1985ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கை அதைச் சொல்லியிருந்தது. அறிக்கை அலமாரியில் உறங்கிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதை எழுப்பவில்லை. 'ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்டால் அரசுகள் 'பார்க்கலாம்' என்று சொல்லும். 'இந்த வாசகத்தை ஏற்கிறீர்களா?' என்று கேட்டால்தான் ஆம், இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

இதை உணர்ந்த உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் 2008இல் ஒரு காரியம் செய்தது. ஜேம்ஸ் லவ் என்பவர் தலைமையில் இயங்கும் நாலெட்ஜ் ஈகாலஜி இன்டர்நேஷனல் என்ற சிறு அமைப்போடு சேர்ந்து, சட்ட அறிஞர்களையும் நூலகத்தாரையும் வாஷிங்டனில் கூட்டியது. அவர்கள் ஓர் உடன்படிக்கையின் முழு வரைவையே எழுதி முடித்தார்கள். தொண்டர்கள் கோரிக்கை மனு எழுதுவது வழக்கம். இவர்கள் சட்டத்தையே எழுதிக் கொண்டு போனார்கள்.

ஆனால் ஜெனீவாவில் உள்ள அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தில் சங்கங்களுக்கு வாக்கு இல்லை. பார்வையாளராக அமரலாம், தலைவர் அனுமதித்தால் சில நிமிடம் பேசலாம், தீர்மானம் கொண்டுவரும் உரிமை அரசுகளுக்கே உண்டு. ஆகவே அவ்வரைவைக் கையில் எடுக்க அரசு ஒன்று வேண்டியிருந்தது. 2009 மே மாதத்தில் பிரேஸில், எக்குவடார், பராகுவே ஆகிய மூன்று நாடுகள் அதைத் தம் முன்மொழிவாகக் கொடுத்தன. பின்னர் மெக்ஸிகோவும் சேர்ந்துகொண்டது. வல்லரசு ஒன்றும் முன்வராத வேளையில் இந்நாடுகள் முன்வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பல தலைநகரங்கள்

வரைவு மேசைக்கு வந்ததும் எதிர் வரைவுகளும் வந்தன. 2010ஆம் ஆண்டில் நான்கு முன்மொழிவுகள் நின்றன. ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தாத ஒரு பரிந்துரை போதும் என்றது. அமெரிக்காவும் முழு உடன்படிக்கைக்கு இறங்கி வராமல் தனி ஆவணம் ஒன்றை முன்வைத்தது. ஆப்பிரிக்க நாடுகளோ, பார்வையற்றோர்க்கு மட்டும் ஏன், கல்விக்கும் நூலகங்களுக்கும் சேர்த்தே விரிந்த உடன்படிக்கை வேண்டும் என்றன. நான்காவது, தென் அமெரிக்க நாடுகள் கொண்டுவந்த வரைவு.

இங்கேதான் பல நாட்டுத் தொண்டர்களை ஒருங்கிணைக்கும் கலை தேவைப்பட்டது. ஜெனீவாக் கூட்டம் ஆண்டில் சில நாட்களே நடக்கும். அங்கே ஓர் அரசின் பிரதிநிதி எழுந்து சொல்லும் வாக்கியம், பல வாரங்களுக்கு முன்பே அவருடைய தலைநகரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. எழுதிக் கொடுத்ததைப் படிப்பவரிடம் மன்றாடிப் பயன் என்ன? எழுதுகிறவரிடம் அல்லவா போகவேண்டும்! அவரிடம் போகக்கூடியவர் யார்? அந்நாட்டுக் குடிமக்களே. பிரிட்டிஷ் தொண்டர் ஒருவர் இந்திய அமைச்சகத்தில் பேசினால் அது அயலார் பேச்சு. இந்தியர் பேசினால் அது வாக்காளர் பேச்சு.

ஆகவே வேலை தானே பிரிந்தது. வரைவின் வாசகமும் ஜெனீவாப் பேச்சும் உலக ஒன்றியத்தின் பொறுப்பு. பிரிட்டனின் பார்வையற்றோர் நிறுவனத்தைச் சேர்ந்த டான் பெஸ்காட் போன்றோர் அப்பணியை ஒருங்கிணைத்தனர். அமைச்சரைக் காண்பது, நாடாளுமன்ற உறுப்பினரிடம் விளக்குவது, உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதுவது ஆகியவை அந்தந்த நாட்டுச் சங்கத்தின் பொறுப்பு. கருத்து ஒன்று; கதவுகள் பல; ஒவ்வொரு கதவையும் தட்டும் கை அந்த ஊர்க் கை.

ஐரோப்பாவில் இது பயன் தந்ததைப் பாருங்கள். அங்கே அரசுகள் தயங்கின. தொண்டர்களோ ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மனுக்குழுவிடம் 2011இல் முறையாக மனுக் கொடுத்தனர். 2012 பிப்ரவரியில் அந்நாடாளுமன்றம் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையே வேண்டும் என்று தீர்மானித்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த தொண்டர்களுக்குத் தம் நாட்டிற்குள் விதிவிலக்கு முன்பே கிடைத்திருந்தது; அவர்களுடைய அலமாரி ஓரளவு நிறைந்திருந்தது. ஆயினும் காலி அலமாரிக்காரர்களுக்காக அவர்கள் ஆண்டுக் கணக்கில் உழைத்தனர் என்பது இவ்வரலாற்றின் உயர்ந்த பக்கம்.

இந்தியாவில் நடந்தது

நம் நாட்டுப் பங்கு தனியே சொல்லத் தக்கது. படிக்கும் உரிமைக்கான இயக்கம் 2009 செப்டம்பரில் சென்னை லயோலா கல்லூரியில் தொடங்கி, பிற பெருநகரங்களுக்கும் சென்றது. அது தொடங்கிய இடம் அமைச்சர் மாளிகை அன்று, ஒரு கல்லூரி வளாகம் என்பதை மாணவராகிய நாம் நினைவில் வைக்கலாம்.

பதிப்புரிமைச் சட்டத் திருத்த மசோதா 2010இல் நாடாளுமன்றத்திற்கு வந்தது. பார்வையற்றோர்க்கான விதிவிலக்கு அதில் இருந்தது. மகிழ்ந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தொண்டர்கள் மசோதாவை வரி வரியாகப் படித்தார்கள். விதிவிலக்கு 'தனிச்சிறப்பான வடிவங்களுக்கு' மட்டுமே என்று இருந்தது. பிரெயில் போன்றவை அதில் அடங்கும். ஒலி நூலோ, கணினிக் கோப்போ வேண்டுமானால் பதிப்புரிமை வாரியத்திடம் விண்ணப்பித்து உரிமம் பெறவேண்டும். இந்தியாவில் பார்வையற்றோருள் பிரெயில் அறிந்தவர் சிறுபான்மையினரே. கையால் புத்தகத்தைப் பிடிக்க இயலாதவர்க்கும், எழுத்துகள் குழம்பித் தோன்றும் குறையுள்ளவர்க்கும் பிரெயிலால் பயனே இல்லை. இரண்டு சொற்களால் பெரும்பாலோர் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டனர்!

தொண்டர்கள் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் சென்று இதை விளக்கினார்கள். குழு செவிசாய்த்தது. 2012 மே மாதத்தில் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தில் 'அணுகத்தக்க எந்த வடிவத்திலும்' என்று வாசகம் மாறியிருந்தது. ஒரு சொல் மாறியது. ஒரு வாசல் திறந்தது.

இப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் ராகுல் செரியன். இந்தியச் சட்டத்திற்காகப் புதுடில்லியிலும், உலக உடன்படிக்கைக்காக ஜெனீவாவிலும் அவர் உழைத்தார். 2013 பிப்ரவரியில், இளம் வயதிலேயே, அவர் காலமானார். மராக்கேஷில் உடன்படிக்கை நிறைவேறியது அதற்கு நான்கு மாதங்கள் கழித்து. விதைத்தவர் விளைச்சலைக் காணாமல் போவது இத்தகைய பணிகளில் நேர்வதே. அவர் போனபின்னும் பணி நிற்கவில்லை என்பதே அவருடன் உழைத்தவர்கள் அவருக்குச் செய்த மரியாதை.

மராக்கேஷ்

2013 ஜூன் 17 முதல் 28 வரை மொராக்கோ நாட்டு மராக்கேஷ் நகரில் அரசுகளின் மாநாடு கூடியது. இறுதிக் கட்டத்தில் இழுபறி கடுமையாக இருந்தது. நூல் அதே வடிவில் கடையில் விலைக்குக் கிடைக்கிறதா என்று சோதித்த பிறகே அனுப்பலாம் என்று ஒரு நிபந்தனை கோரப்பட்டது. ஏழை நாட்டுச் சிறு நூலகம் உலகச் சந்தை முழுவதையும் எவ்வாறு சோதிக்கும்? முடிவில், விரும்பும் நாடு தன் சட்டத்தில் அந்நிபந்தனையை வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில் அது நின்றது. ஏற்றுமதிக்கு எல்லோரையும் கட்டும் விதியாக ஆகவில்லை.

தொண்டர்கள் கொடுத்ததும் உண்டு. உடன்படிக்கை எழுத்து வடிவான நூல்களுக்கும், இசைக் குறியீடுகளுக்கும், அவற்றோடு சேர்ந்த படங்களுக்கும், ஒலி நூல்களுக்கும் மட்டுமே உரியது. திரைப்படங்கள் அதில் இல்லை. காது கேளாதோர்க்கு அதனால் பயன் இல்லை. கல்விக்கும் நூலகங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகள் கேட்ட விரிந்த விதிவிலக்கும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டு ஒன்றும் பெறாமல் திரும்புவதா, ஒன்றைக் கேட்டு அதை உறுதியாகப் பெறுவதா என்ற கேள்விக்கு அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். அது சரியா என்று இன்றும் வாதிடலாம். வெளியே நின்றவர்களின் ஏமாற்றம் உண்மையானது. அதை மறைத்து வெற்றியை மட்டும் பாடுவது நேர்மை ஆகாது.

ஜூன் 27ஆம் நாள் உடன்படிக்கை நிறைவேறியது. மறுநாளே 51 நாடுகள் கையெழுத்திட்டன. பார்வையற்ற இசைமேதை ஸ்டீவி வொண்டர், உடன்படிக்கை முடிந்தால் வந்து பாடுவேன் என்று முன்பு வாக்களித்திருந்தார். சொன்னபடி மராக்கேஷுக்கு வந்து பாடினார்.

கையெழுத்துக்குப் பின்

கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 20 நாடுகள் ஏற்புறுதி அளித்தால்தான் உடன்படிக்கை உயிர் பெறும். உலகில் முதல் ஏற்புறுதியை 2014 ஜூன் 24 அன்று அளித்த நாடு இந்தியா. இந்தியாவுக்கு அது எளிதாக இருந்ததற்குக் காரணம், 2012லேயே உள்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. வீட்டு வேலையை முன்பே முடித்தவன் ஊர் வேலைக்கு முதலில் வந்துவிடுவான் அன்றோ! இருபதாவதாகக் கானடா 2016 ஜூனில் சேர, அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பாவில் ஒன்றியமே ஏற்புறுதி அளிக்க வல்லதா, உறுப்பு நாடுகள் தனித்தனியே அளிக்கவேண்டுமா என்ற வழக்கு எழுந்தது. 2017 பிப்ரவரியில் அதன் நீதிமன்றம் ஒன்றியமே வல்லது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இலும், அமெரிக்கா 2019இலும் ஏற்புறுதி அளித்தன. ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டுத் தொண்டர்கள் மீண்டும் கதவு தட்ட வேண்டியிருந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இவ்வுடன்படிக்கை செல்லும்.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாற்றில் நான் காணும் பாடங்கள் நான்கு.

முதலாவது, கோரிக்கை குறுகியதாகவும் வாசகம் தெளிவாகவும் இருக்கவேண்டும். பல நாட்டார் கூடும்போது ஒவ்வொருவரும் தத்தம் குறையைச் சேர்க்க விரும்புவர். சேர்க்கச் சேர்க்கத் தேர் கனத்துவிடும்.

இரண்டாவது, வரைவு ஒன்றாகவும் பேசும் வாய் பலவாகவும் இருக்கவேண்டும். நடுவில் இருப்பவர்கள் எல்லா நாட்டுக்கும் தாமே பேச முற்பட்டால் எந்த நாட்டிலும் கேட்பார் இருக்கமாட்டார். நாட்டுக்கு ஒரு வரைவு எழுதப் புறப்பட்டாலோ, முடிவில் எவர் வரைவும் நிற்காது.

மூன்றாவது, மசோதாவைப் படிக்கவேண்டும். கூட்டமும் ஊர்வலமும் நன்று. ஆனால் 'தனிச்சிறப்பான வடிவம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தது ஊர்வலம் அன்று, இரவில் விளக்கடியில் அமர்ந்து படித்த ஒருவரின் பொறுமை.

நான்காவது, வெற்றி கிடைத்த நாளில் வேலை பாதிதான் முடிந்திருக்கும். உடன்படிக்கை நூலை அனுப்ப உரிமை தரும். நூலைத் தானே மாற்றித் தராது.

அந்த மீதிப் பாதியில் நமக்கு இடம் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி, ஊனமுற்ற ஒருவர் படிப்பதற்காக எவரும் ஒரு நூலை அணுகத்தக்க வடிவில் மாற்றலாம். அவருடைய சொந்தப் பயனுக்கோ, கல்விக்கோ, ஆராய்ச்சிக்கோ அதை அவரோடு பகிரலாம். ஆதாயம் கருதாத தொண்டு நிறுவனங்களும், அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களும் நூலகங்களும் இதைச் செய்யலாம். ஆக்கச் செலவை மட்டுமே பெறலாம். பிரதி வணிகத்திற்குப் போகாமல் காக்கவேண்டும். ஆகவே நம் தோழருக்காகப் பாடநூலை ஸ்கேன் செய்து தருவது திருட்டு அன்று; சட்டம் தெரிந்து செய்யும் தொண்டு. இது தெரியாமல் அஞ்சுகிறவர் பலர்.

தமிழ் நூல்களுக்கு இத்தொண்டு மிகவும் தேவை. ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது ரகரமும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறிவிடும், வரிகள் குழம்பும். அதைக் கண்ணுள்ளவர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால்தான் குரல் சரியாகப் படிக்கும். வாரம் ஒரு மணி நேரம், ஆளுக்குப் பத்துப் பக்கம் என்று நம் சங்கத்தில் இருபது பேர் முன்வந்தால், வாரத்திற்கு இருநூறு பக்கம், அதாவது ஒரு பாடநூல்.

அப்பாடநூல் இங்கேயே நின்றுவிடாது. சிங்கப்பூர் 2015இலும், இலங்கை 2016இலும், மலேசியா 2022இலும் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்துவிட்டன. தமிழ் வழங்கும் அந்நாடுகளுக்கும் நமக்கும் இடையே இருந்த பழைய தடை இன்று இல்லை. இங்கே ஒருவர் திருத்திய தமிழ் நூலை, அதற்குரிய அமைப்புகளின் வழியாக, யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ ஒருவர் செவியால் படிக்கலாம். அங்கே செய்தது இங்கே வரலாம்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நம் நாட்டு வழக்கு. இங்கே பல ஊர்கள் கூடின. பல நாடுகள் கூடின. தேர் எல்லையைக் கடந்துவிட்டது. பேராசிரியர் நாளை மறுபடியும் ஒரு நூலின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார். வகுப்பு முடிந்ததும் முதல் வரிசைத் தோழரிடம் சென்று, 'இந்த நூல் உங்களுக்கு எந்த வடிவில் வேண்டும்?' என்று கேட்போம். நம் பங்குக்கு வடம் பிடிப்பது அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.